ஜீரோவைத் தொடாத கோடு

போன வருஷம் ஜூன் மாதம், திருப்பதியில் ஒரு ஸ்டடி சென்டரில் ஆரம்பித்தது இது. முப்பத்தொன்பது வயதில் தபால் வழியில் பி.எஸ்சி. படிக்கச் சேர்ந்திருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, சித்தூரில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, சட்டைப் பையில் இரண்டு புதுப் பேனாவைச் சொருகிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி போய் இறங்கினேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் ஒரு தனியார் டிகிரி காலேஜில், ஃபிசிக்ஸ் லேபில் அட்டெண்டர். பதினான்கு வருஷ சர்வீஸ். சொந்த ஊர் சத்தியவேடு பக்கம். வீட்டில் தமிழ்தான். காலேஜில் வாயைத் திறந்தால் தெலுங்கு. நான் தமிழ்க்காரன் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, தெரியாமலேயே வைத்திருந்தேன். டிகிரி முடித்தால் டெக்னீஷியன் போஸ்டுக்குப் பார்க்கலாம் என்று மேனேஜ்மெண்டில் சொன்னதால்தான் இந்த வயதில் இந்தப் படிப்பு.

சேர்ந்த பிறகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். இண்டரில், அதாவது பிளஸ் டூவில், கணக்கு எடுக்காதவர்கள் எட்டு ஞாயிறு கணக்கு வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் ஃபிசிக்ஸ் வகுப்பில் நுழைய முடியுமாம். நான் இண்டரில் காமர்ஸ் குரூப். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினான்கு வருஷமாய் ஒரு லேபையே கட்டி மேய்க்கிறவனுக்குக் கணக்கு சொல்லித்தரப் போகிறார்களா என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த, அதே வகுப்புக்கு வந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத நர்ஸம்மாவிடம்கூட அலுத்துக்கொண்டேன். அந்தம்மா பாவம், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்தத் திமிர் சரியாக முக்கால் மணி நேரம் நின்றது. பாடம் நடத்த வந்த மேடத்துக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். யாருக்கு என்ன தெரியும் என்று பார்க்க ஒரு பரீட்சை வைத்தார். இருபது கேள்வி. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்பது முதல் கேள்வி. நான் ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். ஏழாவது கேள்வி பெண்டுலம் ஃபார்முலா. அதில் நீளத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த ஃபார்முலாவை எங்கள் லேப் சுவரில் பச்சை பெயிண்டில் எழுதியதே நான்தான். தினமும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன். ஆனால் வர்க்கமூலத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு எழுத்தை வெளியே எடுக்கத் தெரியவில்லை. இருபதுக்கு மூன்று. நர்ஸம்மாவுக்குப் பதினொன்று. திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸில் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

இது வெறும் மூக்குடைப்பு. இதோடு போயிருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் மாதிரி காலேஜ்களில் ஒரு வழக்கம் உண்டு. வாரா வாரம் லேபிலும் சரி, பிராக்டிகல் பரீட்சையிலும் சரி, பிள்ளைகள் யாரும் எதையும் அளப்பதில்லை. அட்டெண்டரிடம் ஒரு நோட்டு இருக்கும். எந்தப் பரிசோதனைக்கு என்ன ரீடிங் எழுதினால் சரியான விடை வரும் என்று அதில் இருக்கும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் டிபன் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒவ்வொரு மேஜையாய்ப் போய்க் காதில் ஓதிவிட்டு வருவோம். எனக்கு முன்னால் இருந்த அட்டெண்டர் விட்டுப்போன நோட்டு அது. அதனால்தான் பிள்ளைகள் என்னை 'சார்' என்று கூப்பிட்டார்கள். அட்டெண்டரை யார் சார் என்பார்கள்? அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் செய்வேன் என்கிற நிலைமையில் இருந்தேன், வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் வருஷ பி.எஸ்சி.யில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நகரி பக்கம், பத்தாவது வரை தமிழ் மீடியம். வந்த வாரமே நான் போனில் எங்கள் நைனாவிடம், அப்பாவிடம், தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள். மறுநாள் லேபில் அத்தனை பேர் நடுவே, வாயெல்லாம் சிரிப்பாக, "அண்ணா, நீங்க நம்ம ஆளா" என்றாள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. பதில் தெலுங்கில்தான் சொன்னேன். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அதற்கப்புறமும் அண்ணா, அண்ணா என்றே கூப்பிட்டுக்கொண்டு, கேட்காமலேயே ஊர்க்கதை சொல்வாள். அவள் படித்த தமிழ் மீடியம் ஸ்கூலில் ஃபிசிக்ஸ் நடத்த ஆளே இல்லையாம். கணக்கு வாத்தியார்தான் அதையும் படித்துக் காட்டிவிட்டுப் போவாராம். இதை முடித்து, பி.எட். முடித்து, அந்த ஸ்கூலுக்கே டீச்சராகப் போகவேண்டும் என்பாள். நான் ஸ்டாப்வாட்ச்சைத் துடைத்துக்கொண்டு காதில் விழாத மாதிரி இருப்பேன்.

பிராக்டிகல் பரீட்சையில் அவளுக்கு வந்தது பெண்டுலம். எக்ஸாமினர் டிபனுக்குப் போனார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கும் போனேன். "வேணாண்ணா, நானே எடுத்துக்கினு கீறேன்" என்றாள். அதுவரை ஒரு பிள்ளைகூட என் நோட்டை வேண்டாம் என்றதில்லை. மரியாதையாக வேண்டாம் என்றதே எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தேன். புவியீர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆயிரத்து எழுபது, ஆயிரத்து நாற்பது, ஆயிரத்து முப்பது என்று கன்னாபின்னாவென்று வந்திருந்தது. கிராஃப் இன்னும் மோசம். புத்தகத்துப் படத்தில் கோடு மூலையில், ஜீரோவிலிருந்து கிளம்பும். இவள் கோடு ஜீரோவுக்குக் கொஞ்சம் தள்ளி, அடிக்கோட்டிலேயே எங்கோ வெட்டிக்கொண்டு போனது. தப்பு, ஜீரோவிலிருந்து போடு என்றேன்.

"புள்ளிங்க அந்தப் பக்கம் போவலியே அண்ணா. நான் ரெண்டு வாட்டி அளந்து பாத்தேன்" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஃபிசிக்ஸெல்லாம் அந்தப் படம்தான். அந்தத் தாளைப் பிடுங்கி என் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறு தாளைக் கொடுத்து, ஜீரோவிலிருந்து கோடு போட வைத்தேன். அவள் பென்சிலை எடுத்துப் போட்டாள்.

எக்ஸாமினர் வந்து பார்த்தார். ரீடிங் ஒரு பக்கம் போகிறது, கோடு இன்னொரு பக்கம் போகிறதே, ஏன் என்று கேட்டார். அவள் தட்டுத்தடுமாறித் தெலுங்கில், இவர்தான் அப்படிப் போடச் சொன்னார் என்று என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னேன், நான் எதுவும் சொல்லவில்லை சார், இந்தத் தமிழ் மீடியம் பிள்ளைகளே இப்படித்தான், ஒன்றும் தெரியாது, கடைசியில் அடுத்தவர் மேல் பழி போடும் என்று. பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் எக்ஸாமினர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஃபெயில். மற்ற எல்லாவற்றிலும் பாஸ், இதில் மட்டும் போனது. திரும்ப எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவள் அடுத்த செமஸ்டருக்கு வரவில்லை. ஜூன் மாதம் அவள் நைனா டி.சி. வாங்க வந்தார். லேபில் பொருள் எதையும் உடைக்கவில்லை, எதுவும் திருப்பித்தர வேண்டியதில்லை என்று அட்டெண்டர் கையெழுத்துப் போட்டால்தான் டி.சி. தருவார்கள். அந்தப் பேப்பரை என்னிடம்தான் நீட்டினார். பொண்ணு கணக்கு மண்டையில ஏறலன்னு சொல்லிச்சு சார் என்றார், நான் கேட்காமலேயே. போட்டேன் கையெழுத்து.

இப்போது திருப்பதிக்கு வருகிறேன். ஐந்தாவது ஞாயிறு, மேடம் நேர்கோடு நடத்தினார். மேலே தொட்டிக்கு மோட்டார் போடுகிறோம், நிமிஷத்துக்கு நிமிஷம் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் ஒரு கோடு வரும் என்றார். தொட்டி காலியாக இருந்திருந்தால் கோடு ஜீரோவில் ஆரம்பிக்கும். ஏற்கெனவே ஒரு முழம் தண்ணீர் கிடந்திருந்தால் ஒரு முழத்தில் ஆரம்பிக்கும். அதனால் கோடு ஜீரோவுக்கு வரவில்லை என்றால் பிடித்து இழுத்து ஜீரோவில் கட்டாதீர்கள், ஏன் வரவில்லை என்று கேளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கும் என்றார். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மனுஷனுக்கு மறதி எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு நான் லேபில் கிடக்கும் பழைய தாள்களைத்தான் எடுப்பேன். கிராஃப் தாளுக்குப் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், கணக்குப் போட்டுப் பழக நல்ல தாள். செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பீரோவிலிருந்து ஒரு தாள் கட்டை உருவி நாலைந்து கணக்குப் போட்டேன். அடுத்த கணக்குக்குக் கோடு போட வேண்டும், தாளைத் திருப்பினேன். பென்சிலில் மூன்று புள்ளி. மூன்றையும் சுத்தமாகத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு, ஜீரோவுக்குத் தள்ளிப் போகும் கோடு. மேலே ஹால் டிக்கெட் நம்பர், அவள் கையெழுத்து. அன்றைக்குப் பிடுங்கிய தாளை நான்தான் பழைய கட்டில் சொருகி வைத்திருக்க வேண்டும்.

வேண்டாம், மூடி வை என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் சாய்வு கண்டுபிடிக்க இரண்டு நாள் முன்னால்தான் கற்றிருந்தேன், கை சும்மா இருக்கவில்லை. இரண்டு புள்ளிகளை எடுத்துக் கழித்து, வகுத்து, ஃபார்முலாவில் போட்டேன். நம்பாமல் திரும்பப் போட்டேன். 978 வந்தது. எங்கள் லேபில் பதினான்கு வருஷத்தில் நோட்டைப் பார்க்காமல் அவ்வளவு சரியான விடை வந்து நான் பார்த்ததில்லை. அவள் கோடு சரி. அப்படியானால் ஏன் ஜீரோவுக்கு வரவில்லை? மேடம் சொன்ன கேள்வியை முதல் தடவையாக எனக்கே கேட்டுக்கொண்டேன். கோடு, நீளத்தைக் குறிக்கும் அடிக்கோட்டை வெட்டும் இடத்தில் கட்டங்களை எண்ணினேன். நாலு சென்டிமீட்டர்.

பெண்டுலம் மேஜைக்கு மேலே ஆணியில், நூலின் நீளத்தை அளக்கிற மர ஸ்கேல் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தேன். ஒரு முனையில் எண்களெல்லாம் தேய்ந்து போயிருந்தன. பத்து என்கிற எண்தான் முதலில் தெரியும். முனையிலிருந்து அந்தப் பத்து வரைக்கும், என் பையன் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து அளந்தேன். பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தது. அதை வைத்து எதை அளந்தாலும் நாலு கூடவே காட்டும்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. நான் வேலைக்கு வந்த புதிதில் அந்த ஸ்கேல் கீழே விழுந்து முனை பிளந்துகொண்டது. சொன்னால் திட்டுவார்களே என்று பயந்து, பிளந்த துண்டை நானே ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை மாதிரி வழவழப்பாக்கி மாட்டிவிட்டேன். மறந்தும் போனேன். எப்படி யாரும் கண்டுபிடிக்கவில்லை? ஒருத்தரும் அதை வைத்து அளக்கவே இல்லை, அதனால்தான். எல்லோரும் எழுதியது என் நோட்டில் இருந்த ரீடிங். பதினான்கு வருஷத்தில் அந்த ஸ்கேலைக் கையில் எடுத்து உண்மையாக அளந்தவள் அவள் ஒருத்தி. என் திருட்டுத்தனத்தை ஒரு பென்சில் கோட்டில் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத நான்தான் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன், மறைப்பானேன்.

அவள் கூடப் படித்த ஒரு பெண்ணைப் பிடித்து விசாரித்தேன். புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாளாம். அந்த சனிக்கிழமையே கிளம்பினேன். பஸ் நெடுக என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை. தமிழில்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். தப்பைச் சொல்லிவிட வேண்டும், திருப்பதி சென்டரில் அவளும் சேரலாம் என்று சொல்லி அப்ளிகேஷனைக் கையில் கொடுக்க வேண்டும். அவள் கோபப்பட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும், மன்னித்தால் காலில் விழாத குறையாக நன்றி சொல்ல வேண்டும். இப்படியெல்லாம்.

கடையில் டிகிரி அட்மிஷன் கூட்டம். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரோ ஒரு பெண்ணுக்கு ஆன்லைனில் அப்ளிகேஷன் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள் என்று கண்ணிலேயே தெரிந்தது. "செப்பண்டி சார்" என்றாள், சொல்லுங்கள் என்று. நான் தமிழில் ஆரம்பித்தேன். அவள் தெலுங்கிலேயே பதில் சொன்னாள், மரியாதையாக, முன்பின் தெரியாத கஸ்டமரிடம் பேசுகிற மாதிரி. அண்ணா போய்விட்டது. நான் பதினான்கு வருஷமாய் ஆசைப்பட்ட அந்த சார் அன்றைக்கு எப்படிக் குத்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

தாளைக் கவுண்டரில் வைத்தேன். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படியே எல்லாவற்றையும் சொன்னேன், அறுத்த ஸ்கேல், நோட்டு, நான் சொன்ன பொய், 978, எல்லாம். அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோடு வெட்டும் இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எண்ணினாள். "நாலு" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். பிறகு எழுந்து போய் அந்தத் தாளை மெஷினில் வைத்து ஒரு காப்பி எடுத்தாள். காப்பியை என் பக்கம் தள்ளினாள். ஒரிஜினலைத் தன் டிராயரில் வைத்துக்கொண்டாள். நான் கொடுத்த அப்ளிகேஷனையும் அதன் மேலேயே வைத்தாள், பார்க்கவில்லை.

நான் காத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று கேளுங்கள். மன்னிச்சிட்டேன் என்று ஒரு வார்த்தைக்கு. வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம் என்று.

அவள் கேட்டாள். "அந்த ஸ்கேலு இப்ப எங்கண்ணா கீது?"

ஸ்கேல் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அளந்து பார்த்துவிட்டு, அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பிள்ளைகள் அதே மேஜையில் நின்றிருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

நான் பதில் சொல்லாததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்து நின்ற பெண்ணின் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை போய் லெக்சரரிடம் சொன்னேன். திட்டினார், பிறகு பிரின்சிபாலிடம் கூட்டிப்போனார், அங்கேயும் திட்டு. அவள் மார்க்கை மாற்ற முடியுமா என்று கேட்டேன். காலம் கடந்துவிட்டது, முடியாது என்றார்கள். டெக்னீஷியன் போஸ்டு பேச்சையே அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரீடிங் நோட்டைப் பிரின்சிபால் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கு என் மேல் இப்போது ஏகக் கடுப்பு. சார் என்று யாரும் கூப்பிடுவதில்லை. புது ஸ்கேல் வந்துவிட்டது. பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. அறுத்த முனையில் சிவப்பு பெயிண்டில் நாலு என்று எழுதி என் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். முதல் வருஷப் பிள்ளைகள் வந்ததும் அதை எடுத்துக் காட்டி, என்ன நடந்தது என்று என் வாயால் சொல்கிறேன். தமிழ் மீடியம் பிள்ளைகள் இருந்தால் தமிழிலும் சொல்கிறேன்.

எட்டு ஞாயிறும் முடித்து ஃபிசிக்ஸ் வகுப்புக்கு வந்துவிட்டேன். நர்ஸம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் போடுகிறேன். அவள் இன்னும் சேரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். நான் சொன்ன பொய்யைக்கூட ஏதோ பயத்தில் சொன்னேன் என்று எப்படியாவது மனசைத் தேற்றிக்கொள்ள முடிகிறது, ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு மன்னிப்பு கிடைக்குமா என்றுதான் யோசித்தேனே தவிர ஆணியில் தொங்கிய ஸ்கேலை இறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே, அதை நினைத்தால் இன்றைக்கும் தலை குனிந்துவிடுகிறது.